மூடிய வாய்க்காலைத் திறப்பதற்கு முன்

மட்டக்களப்பு நகரில் வாவிக்கு அண்மையில் வசிக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி: “எங்கள் ஒழுங்கையில் முன்பு திறந்து ஓடிய வாய்க்காலைக் கொங்கிறீட் பலகை போட்டு மூடிவிட்டார்கள். மாரியில் வெள்ளம் முற்றத்துக்கு ஏறுகிறது. கோடையில் நாற்றம் தாங்க முடியவில்லை. பலகைகளை எடுத்து, கரையில் மரம் நட்டு அதனை மீட்க எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கம் விரும்புகிறது. எங்கிருந்து தொடங்கலாம்?”

பலகையை எடுப்பதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைய நிலையில் அதைத் திறந்தால், மறைந்திருக்கும் சாக்கடை ஒன்று வெளியே தெரியும். வேறு எதுவும் மாறாது.

முதலில் அறிய வேண்டியது நீர்மட்டம். உங்கள் வாய்க்கால் எப்படி ஓடும் என்பதை ஒழுங்கையில் பெய்யும் மழையைவிட வாவியே பெரிதும் தீர்மானிக்கிறது. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் வயல்களினதும் குளங்களினதும் நீர் வாவியில் சேர்ந்து, பாலமீன்மடு முகத்துவாரம் மணலால் அடைபட்டிருக்கும் நாட்களில், வாவி உயர்ந்து, வாய்க்கால் வாவியில் விழும் கடைவாயைத் தடுக்கும்; சில வேளைகளில் நீர் பின்னோக்கியும் வரும். அப்போது வாய்க்காலை ஆழமாக்குவதால் பயன் இல்லை, நீர் தேங்கி நிற்க இடமே வேண்டும். ஆகவே கடைவாயிலும் ஒழுங்கையின் மேல்முனையிலும் அளவுக்கம்பம் நட்டு, நவம்பர் முதல் ஜனவரி வரை தினமும் மட்டத்தைக் குறியுங்கள். முகத்துவாரம் வெட்டப்படும் நாளையும் சேர்த்து எழுதுங்கள். இரு கம்பங்களின் பூச்சியத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர, நீர் நிரப்பிய தெளிவான குழாய் போதும். எந்த மாதத்தில் நீர் எந்தப் பக்கம் இழுக்கும் என்பதை வாவியில் வலை போடுபவர்கள் அறிவார்கள். பொறியியலாளரோடு அவர்களையும் முதற் கூட்டத்திலேயே அமர்த்துங்கள்.

அடுத்தது, யாருடைய நீர் வருகிறது என்பது. கோடையில் மழையின்றியும் ஓடுவது பெரும்பாலும் வீட்டுக் கழிவுநீரே. வீட்டுக்காரரின் சம்மதத்தோடு ஒவ்வொரு குழாயிலும் உணவு நிறமூட்டி ஊற்றிப் பார்த்தால் வழி தெரியும். சமையலறை நீரைக் கல்வாழைப் பாத்திக்குத் திருப்பலாம். மலக்குழி அவ்வளவு எளிதன்று: மணற்பாங்கான நிலத்தில் நிலத்தடி நீர் மேலேயே இருப்பதால், குழாயை அடைத்தாலும் கசிவு மண்ணூடாக வந்து சேரும். இதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருடன் பேசித்தான் தீர்க்க வேண்டும்.

சியோல் நகரின் சொங்கேசொன் ஓடையைப் பலர் உதாரணம் காட்டுவார்கள். அங்கே 2005இல் ஏறத்தாழ 5.8 கிலோமீற்றர் திறக்கப்பட்டது உண்மை. ஆனால் அதில் ஓடும் நீரில் பெரும்பங்கு பம்பி மூலம் கொண்டுவரப்படுவது. அது நமக்கு ஏற்ற வழியன்று. கோடையில் ஈரமண்ணாகக் கிடந்து மாரியில் விரியும் ஓடையையே திட்டமிடுங்கள். (சாய்ந்தமருதுப் பக்கத்துத் தோணாக்கள் எனப்படும் கடலோர நீரோடைகளுக்கும் இதுவே பொருந்தும்.)

அகலமே உண்மையான தடை. மணற்கரை சரியாமல் நிற்க, ஒரு மீற்றர் உயரத்துக்குக் கிடையாக மூன்று மீற்றர் சரிவு வேண்டும். ஆழம் ஒன்றரை மீற்றர், அடி ஒரு மீற்றர் என்றால், இரு பக்கச் சரிவும் சேர்ந்து மொத்த அகலம் பத்து மீற்றராகிறது. பெரும்பாலான ஒழுங்கைகளில் அது கிடையாது. ஒரு பக்கம் சுவரை அப்படியே விட்டு மறுபக்கத்தை மட்டும் சரிவாக்குவது நடைமுறைக்கு ஏற்ற சமரசம். சரிவில் தென்னந்தும்பு வலை விரித்து, மேலே பூவரசங் கதியால்களையும், நன்னீர் நிற்கும் இடத்தில் பாய் இழைக்கும் பன் புல்லையும், உவர் ஏறும் கடைவாயில் கண்டலையும் நடலாம். மதில் வாய்க்கால் எல்லைக்குள் வந்திருக்கும் வீட்டுக்காரரை எதிரியாக்காதீர்கள். நில அளவை வரைபடத்தை எல்லோர் முன்னிலையிலும் விரித்து, அவருடைய வாசலுக்கு எந்த இடத்தில் பாலம் வேண்டும் என்று முதலில் கேளுங்கள்.

வாய்க்கால் உங்கள் சங்கத்தின் சொத்தன்று என்பதால், மாநகர சபையினதும் பிரதேச செயலகத்தினதும் எழுத்துமூல அனுமதி அவசியம். கடைவாயில் மண்வேலை செய்யுமுன் கரையோரம் பேணல் திணைக்களத்திடமும் கேட்க வேண்டும்.

இவையெல்லாம் முடிந்த பின், மே மாதமளவில், கடைவாய்ப் பக்கத்தில் முப்பது மீற்றரை மட்டும் திறந்து, மழைக்கு முன் வேர் பிடிக்கும்படி நீரூற்றி நடுங்கள். சிங்கப்பூரின் பிஷான் பூங்காவில் கொங்கிறீட் கால்வாயை ஆறாக மாற்றியபோதும், முதலில் ஒரு சிறு துண்டில்தான் கரை கட்டும் முறைகளைச் சோதித்தார்கள். ஒரு மாரியில் எந்தக் கரை அரிகிறது, எங்கே குப்பை சிக்குகிறது என்று பார்த்த பின் அடுத்த பலகையை எடுக்கலாம்.