டெண்டருக்கு ஒரு டெண்டர்

கேள்வி: தீ எப்போது பிடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. அப்படியிருக்க, தீயணைப்புத் துறை தனக்கு வேண்டிய வண்டிகளையும் கருவிகளையும் எப்படித் திட்டமிட்டு வாங்குகிறது? அவசரம் என்றால் உடனே வாங்கிவிட முடியாதா?

அரசுத் தீயணைப்புப் பிரிவு ஒன்றின் கொள்முதல் இருக்கையில் பதினோரு ஆண்டுகள் கோப்பு எழுதி ஓய்வு பெற்றவன் நான். தீயை அணைத்தவன் அல்லன். அணைத்தவர்களுக்குக் குழாய் வாங்கித் தந்தவன்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு பழைய வேடிக்கை உண்டு. 4,500 லிட்டர் தண்ணீரைச் சுமந்து ஓடும் சிவப்பு வண்டிக்கு வாட்டர் டெண்டர் என்று பெயர். அதை வாங்குவதற்கு விடுவதும் டெண்டர். "டெண்டர் எங்கேப்பா?" என்று அதிகாரி கேட்டால், புதிதாகச் சேர்ந்த உதவியாளர் வாசலுக்கு ஓடுவதா பீரோவைத் திறப்பதா என்று தெரியாமல் விழிப்பார்.

உடனே வாங்க முடியாது. இன்று உங்கள் தெருவுக்கு மணியடித்து வரும் வண்டி, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு யாரோ ஒருவர் கோப்பில் எழுதிவைத்த குறிப்பாக இருந்தது. நிலையங்கள் தேவைப் பட்டியல் அனுப்பும்; தலைமையிடம் அதைத் தொகுக்கும்; நிதித் துறை பாதியை வெட்டும்; மீதி வரவு செலவுத் திட்டத்தில் இடம்பெற்று, அரசாணை வந்த பிறகுதான் எங்கள் வேலை தொடங்கும்.

தமிழ்நாட்டில் இதற்கு அடிப்படை, 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி (டெண்டர்) வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000ஆம் ஆண்டின் விதிகளும். நான் பணியில் இருந்த காலத்தில், இரண்டு கோடி ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். அதைக் குறைக்க வேண்டுமானால் மேலதிகாரி காரணத்தை எழுதிக் கையெழுத்திட வேண்டும். விலை குறைத்துப் பேசுவதானால், மிகக் குறைந்த விலை கேட்டவரிடம் மட்டுமே பேசலாம். தோற்றவர் பத்து நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். இதையெல்லாம் சிவப்பு நாடா என்று திட்டுகிறவர்கள் உண்டு. நான் திட்டமாட்டேன். இந்த விதிகள் இல்லாவிட்டால் எங்கள் மேசைக்கு எப்படிப்பட்ட சிபாரிசுக் கடிதங்கள் வரும் என்பது எனக்குத் தெரியும்.

உண்மையான தலைவலி விலையில் இல்லை, விவரக்குறிப்பில் இருக்கிறது. ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் நாம் எழுதாத ஒன்றைப் பிறகு கேட்கவே முடியாது. எழுதியதைத் தந்துவிட்டால் நிறுவனத்தின் பொறுப்பு முடிந்தது.

ஹோஸ், அதாவது தண்ணீர் பீய்ச்சும் நீளக் குழாய், வாங்குவதையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 636. அதன் முனையில் பொருத்தும் இணைப்பிக்கு ஐ.எஸ். 903. 63 மில்லிமீட்டர் என்று அளவு குறிப்பிட்டு இந்த இரண்டு எண்களையும் எழுதிவிட்டால், ஒரு நிலையத்தின் ஹோஸ் அடுத்த ஊர் வண்டியில் 'டக்' என்று பொருந்தும். சாதாரண விஷயமாகத் தெரியலாம். 1904 பிப்ரவரியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் எரிந்தபோது வாஷிங்டனிலிருந்தும் பிலடெல்பியாவிலிருந்தும் ரயிலேறி உதவிக்கு வந்த படைகளின் குழாய்கள், அந்த ஊர்த் தண்ணீர்க் குழாய்முனைகளில் பொருந்தவில்லை. முப்பது மணி நேரம் எரிந்து 1,500க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. ஒவ்வோர் ஊரும் தன் விருப்பத்துக்கு மரை வெட்டி வாங்கியதன் பலன். புதிதாக வரும் உதவியாளர்களுக்கு நான் முதலில் சொன்ன கதை இதுதான்.

கதை சொன்ன நானே சறுக்கியிருக்கிறேன். புகைக்குள் போவதற்கான சுவாசக் கருவிகள் வாங்கினோம். 300 பார் அழுத்தத்தில் காற்று அடைத்த கார்பன் இழை உருளை, முகமூடி, முதுகுப்பட்டை எல்லாம் உயர்தரம். உருளைக்கு வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் ஒப்புதல் உண்டா என்று நாக்பூரில் உள்ள அதன் தலைமையகத்தின் கடிதத்தைக்கூட வாங்கிக் கோப்பில் கட்டினேன். காலியான உருளையில் மீண்டும் காற்று அடைப்பதற்கான கம்ப்ரசரை மட்டும் அந்தக் கொள்முதலில் சேர்க்கவில்லை. அது இயந்திரங்களுக்கான செலவுத் தலைப்பில் வரும், அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று என் கையாலேயே குறிப்பு எழுதினேன். ஏறக்குறைய எட்டு மாதம், ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் உருளைகளை ஜீப்பில் ஏற்றிப் பக்கத்து மாவட்டத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். நிலைய அலுவலர் ஒருவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "சார், மூச்சு விடலாமா, சிக்கனமாகவா?" என்று கேட்பார்.

வண்டி வாங்குவது இன்னும் சுற்றுவழி. தீயணைப்பு வண்டி கடையில் முழுதாகக் கிடைப்பதில்லை. பெரும்பாலும் லாரிக் கம்பெனியிடம் சேஸிஸ் (எஞ்சினும் சக்கரமும் உள்ள அடிச்சட்டம்) வாங்கி, தொட்டி, பம்ப், ஏணி ஆகியவற்றைப் பொருத்திக் கூடு கட்ட வேறொரு நிறுவனத்துக்குத் தனி டெண்டர் விட வேண்டும். சேஸிஸ் பிப்ரவரியில் வந்து சேர்ந்தால், கூடு கட்டும் பணம் மார்ச் 31க்குள் செலவாகாமல் அரசுக்குத் திரும்பிப் போகும். மறுபடியும் ஒதுக்கீடு, மறுபடியும் கோப்பு. அதுவரை வெற்றுச் சேஸிஸ் மழையில் நிற்கும். நிற்கிற நாளெல்லாம் அதன் உத்தரவாதக் காலமும் ஓடிக்கொண்டிருக்கும்.

வாகனங்களின் வயதும் ஒரு சிக்கல். 2023 ஏப்ரல் 1 முதல், 15 ஆண்டுகளைக் கடந்த அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிக்க முடியாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. ராணுவம், சட்டம் ஒழுங்கு, உள்நாட்டுப் பாதுகாப்புக்கான சிறப்பு வாகனங்களுக்கு மட்டுமே விலக்கு. தீயணைப்பு வண்டி ஆண்டு முழுவதும் அதிகத் தூரம் ஓடுவதில்லை. கிலோமீட்டர் மானியைப் பார்த்தால் புது வண்டி போலிருக்கும். ஆனால் நின்ற இடத்திலேயே மணிக்கணக்கில் எஞ்சின் உறுமி பம்பைச் சுழற்றியிருக்கும். ஆகவே கிலோமீட்டரை வைத்து வயதைக் கணக்கிடுவதும் தவறு, காலண்டரை மட்டும் வைத்துக் கணக்கிடுவதும் தவறு. பம்ப் ஓடிய மணிகளைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. எப்படியோ, ஒரே தேதியில் பல வண்டிகள் கழிவுக்குப் போகும் என்பது முன்கூட்டியே தெரிந்த செய்தி. மாநிலத் தீயணைப்புத் துறைகளை நவீனப்படுத்த 5,000 கோடி ரூபாய்த் திட்டத்தை மத்திய அரசு அதே ஆண்டு அறிவித்தது. பெரும்பாலான மாநிலங்கள் தம் பங்காக 25 சதவீதம் போட வேண்டும் என்பது அதன் நிபந்தனையாக இருந்தது.

சரி, நிஜமாகவே அவசரம் வந்தால்? முன்பு சொன்ன 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு இயற்கைப் பேரிடர் போன்ற நிலைமைகளில் டெண்டர் இல்லாமல் வாங்க வழிவிடுகிறது. வழி இருந்தாலும் கடையில் பொருள் இருக்க வேண்டுமே. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. எங்களிடம் மரம் அறுக்கும் இயந்திரங்கள் இருந்தன, எண்ணிக்கையில் குறைவில்லை. இரண்டாம் நாளே சங்கிலிகள் மழுங்கி அறுந்தன. மாற்றுச் சங்கிலி இருப்பில் விரல்விட்டு எண்ணும் அளவே. கடைகள் மூடியிருந்தன, மின்சாரம் இல்லை, செல்பேசியும் சரியாக எடுக்கவில்லை. தெரிந்த கடைக்காரர் ஒருவரின் வீட்டுக்கே போய்ச் சாவியோடு அவரை அழைத்து வந்து, டார்ச் வெளிச்சத்தில் கைக்குக் கிடைத்த சங்கிலிகளை அள்ளினோம். சில்லறைச் செலவுக்கென அலுவலகத்தில் இருக்கும் நிரந்தர முன்பணத்திலிருந்து கொடுத்த அந்தச் சில்லறைத் தொகைக்குப் பின்னாளில் தணிக்கைக்காரர் மூன்று முறை விளக்கம் கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். இயந்திரம் வாங்கிய அன்றே ஒன்றுக்கு ஆறு சங்கிலி என்று எழுதாதது என் பிழை.

உங்களுக்கு ஆர்வம் இருந்தால், சட்டப்பேரவை மானியக் கோரிக்கையின்போது இத்துறைக்கென வெளியாகும் கொள்கை விளக்கக் குறிப்பை வாசித்துப் பாருங்கள். புது வண்டிகளும் புது நிலையங்களும் அதில் இருக்கும். அரசின் ஒப்பந்தப்புள்ளி இணையதளத்தில் விவரக்குறிப்புகளும் கிடைக்கும். அவற்றை வாசிக்கும்போது முதல் பக்கத்து மதிப்பைத் தாண்டி, கடைசியில் உள்ள உதிரிப்பாகப் பட்டியலுக்கு நேராகப் போங்கள். நான் இப்போதும் அங்கிருந்துதான் வாசிக்கத் தொடங்குகிறேன்.