சமீபத்திய உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் உங்களை அதிகம் யோசிக்க வைத்தது எது?

ஆளுநர் வழக்குதான். 2025 ஏப்ரல் 8-ல் இரண்டு நீதிபதிகள் தந்த தீர்ப்பு, நவம்பர் 20-ல் ஐந்து நீதிபதிகள் தந்த கருத்துரை இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். ஏப்ரலில் மாநில அரசின் தரப்பு வெடி போட்டது, நவம்பரில் ஆளுநர் தரப்பு. இரு தரப்பும் தலைப்புச் செய்தியைத் தாண்டிப் படித்தார்களா என்பது சந்தேகமே.

தமிழக சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாக்கள், அதில் பல துணைவேந்தர் நியமனம் சம்பந்தப்பட்டவை, ஆளுநர் ஆர்.என்.ரவியிடம் கிடப்பில் இருந்தன. மாநில அரசு வழக்குப் போட்ட பிறகு, 2023 நவம்பர் 13-ல் 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் இல்லை என்றார். 18-ம் தேதி சட்டமன்றம் கூடி அப்படியே மறுபடி நிறைவேற்றியது. அதற்குப் பிறகு எல்லாவற்றையும் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவிட்டார்.

மறுபடி நிறைவேறி வந்ததை அப்படி அனுப்பியது சட்டப்படி செல்லாது என்றது நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு. முழு நீதி கிடைக்கத் தேவையான உத்தரவைப் போட உச்ச நீதிமன்றத்துக்கு அதிகாரம் தரும் அரசியல் சாசனத்தின் 142-வது பிரிவைப் பயன்படுத்தி, ஒப்புதல் கிடைத்துவிட்டதாகவே கருதலாம் என்று அறிவித்தது. இனிமேல் இன்ன முடிவுக்கு ஒரு மாதம், இன்னதற்கு மூன்று மாதம் என்று கெடுவும் வைத்தது. அந்த வாரமே அரசிதழில் 10 சட்டங்களும் வந்தன. ஆளுநர் கையெழுத்துக்குப் பதில் நீதிமன்றத் தீர்ப்பைச் சொல்லி ஒரு சட்டம் வெளியாவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இதையடுத்து, உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்க வழிசெய்யும் 143-வது பிரிவின் கீழ் குடியரசுத் தலைவர் 14 கேள்விகளை அனுப்பினார். அன்றைய தலைமை நீதிபதி கவாய் தலைமையிலான அமர்வு, நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதவும் முடியாது என்று பதில் சொன்னது. "ஆளுநருக்கு வெற்றி" என்று டிவியில் ஓடியது இந்தப் பகுதி மட்டும்தான்.

அதே கருத்துரையில் வேறொன்றும் இருக்கிறது. ஆளுநருக்கு மூன்றே வழி: ஒப்புதல், காரணம் சொல்லிச் சட்டமன்றத்துக்கே திருப்பி அனுப்புவது, குடியரசுத் தலைவருக்கு அனுப்புவது. திருப்பி அனுப்பாமல் "ஒப்புதல் இல்லை" என்று சும்மா நிறுத்திவைக்க முடியாது. காரணமே இல்லாமல் இழுத்தடித்தால் முடிவெடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம். என்ன முடிவு என்று சொல்லாது. ஆளுநருக்குத் தனிப்பட்ட பாதுகாப்பு இருந்தாலும் அந்தப் பதவி நீதிமன்ற விசாரணைக்கு அப்பாற்பட்டது அல்ல.

தாளில் இது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எத்தனை நாள் போனால் இழுத்தடிப்பு? மூன்று மாதமா, ஒரு வருடமா? அதை ஒவ்வொரு முறையும் மாநிலம் டெல்லி வரை போய், வக்கீல் வைத்து, வாதாடித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குள் ஆட்சியே மாறலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தரின் பதவிக்காலம் 2023 ஆகஸ்ட்டில் முடிந்தது. பிறகு நீண்ட காலம் ஒருங்கிணைப்புக் குழுதான் ஓட்டியது. தாமதத்தின் விலை யார் தலையில் விழுகிறது என்று அங்கே படித்த பிள்ளைகளைக் கேட்டால் தெரியும்.

நீதிபதிகள் அரசியல் சாசனத்தில் இல்லாத தேதியை எழுதிச் சேர்க்கக்கூடாது என்ற வாதத்தில் நியாயம் இருப்பதை ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் எழுத வேண்டியது நாடாளுமன்றம். மாநில மசோதாக்கள் மீது ஆளுநர் ஆறு மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று மத்திய-மாநில உறவுகளை ஆராய்ந்த பூஞ்சி ஆணையம் 2010-லேயே பரிந்துரைத்துவிட்டது. ஆளுநரின் ஒப்புதல் பற்றிப் பேசும் 200-வது பிரிவைத் திருத்த அதன்பின் இருந்த எந்த மத்திய அரசும் கை வைக்கவில்லை, காங்கிரஸ் உட்பட.