கதாநாயகன் எப்போது பிறப்பான்?

கேள்வி: லாரன்ஸ் ஸ்டெர்ன் எழுதிய ‘டிரிஸ்ட்ராம் ஷாண்டி’ பிரமாதமான நகைச்சுவை நாவல் என்று நீங்கள் எழுதியதை நம்பி வாங்கினேன். நூறு பக்கம் தாண்டிவிட்டது. தன் கதையைச் சொல்ல வந்தவன் இன்னும் பிறக்கவே இல்லை! எப்போதுதான் விஷயத்துக்கு வருவான்?
– ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: மூன்றாம் தொகுதியில் பிறந்துவிடுவான். டாக்டரின் இடுக்கியில் மூக்கும் நசுங்கிவிடும். முன்னுரையும் அந்தத் தொகுதியில்தான் வருகிறது, தேடாதீர்கள்.

முதல் அத்தியாயத்தையே மறுபடி பாருங்கள். இவன் கருவாகிற இரவில், “கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க மறந்துவிடவில்லையே?” என்று அம்மா கேட்டுத் தொலைக்கிறாள். அந்த நேரத்தில் ஏன் கேட்டாள்? மாதத்தின் முதல் ஞாயிறு இரவில்தான் அப்பா கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பார். இன்னொரு குடும்பக் கடமையையும் அதே இரவுக்கே ஒதுக்கியிருந்தார். (1759-ல் இதை எழுதியவர் ஒரு பாதிரியார்!) இப்படி எதைத் தொட்டாலும் அதற்கொரு காரணம், காரணத்தைச் சொல்லப் போனால் டோபி சித்தப்பா, சித்தப்பாவைச் சொல்லப் போனால் நாமூர் முற்றுகையில் அவருக்குத் தொடையிடுக்கில் பட்ட காயம்.

நான்காம் தொகுதியில் அவனே கணக்குப் போடுகிறான். எழுத உட்கார்ந்து ஒரு வருஷம் ஆகிறது. எழுதி முடித்திருப்பது வாழ்க்கையின் முதல் நாளை மட்டும். ஆக, தொடங்கியபோது இருந்ததைவிட இப்போது 364 நாள் கூடுதல் பாக்கி! எழுத எழுதக் கடன் ஏறுகிறது. இதற்குச் சிரிப்பு வரவில்லை என்றால் ஒன்பதாம் தொகுதி வரை போனாலும் வராது.

உங்களைப் போன்றவர்களுக்கு முதல் தொகுதியிலேயே தண்டனை வைத்திருக்கிறானே, கவனித்தீர்களா? “ஞானஸ்நானத்துக்கு முன் நான் பிறந்தாக வேண்டியிருந்தது” என்று 19-ஆம் அத்தியாயத்தை முடிக்கிறான். அடுத்த அத்தியாயத்தில் ஒரு வாசகியைப் பிடித்துக்கொள்கிறான்: என் அம்மா கத்தோலிக்கர் அல்ல என்று அங்கேயே சொல்லிவிட்டேனே அம்மணி, எப்படித் தவறவிட்டீர்கள்? போய் அந்த அத்தியாயத்தை மறுபடி படித்துவிட்டு வாருங்கள்! அவர் போனதும் நம்மிடம் குறைப்படுகிறான், சம்பவத்தைத் தேடி நேரே ஓடுகிற கெட்ட பழக்கம் பரவிவிட்டதாம். கருவிலிருக்கும் குழந்தைக்கே ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்று 1733-ல் பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகக் கத்தோலிக்கப் பண்டிதர்கள் ஆராய்ந்தது தெரிந்தால்தான் அந்த வரி பிடிபடும்: அம்மா கத்தோலிக்கர் என்றால் பிறக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லையே! அந்த ஆவணத்தையும் பிரெஞ்சிலேயே அச்சிட்டு வைத்திருக்கிறான், பாவி.

அந்த அம்மணியோடு நீங்களும் ஒருநடை போய்வாருங்கள்.

அப்புறம், இந்த நாவல் பிடிக்காதவர்களில் நீங்கள் முதல் ஆள் இல்லை. விசித்திரமானது எதுவும் நெடுநாள் நிற்காது, ‘ஷாண்டி’யும் நிற்கவில்லை என்று ஆங்கில விமர்சகர் சாமுவேல் ஜான்சன் 1776-லேயே சொல்லியாயிற்று. நீங்கள் அதை இப்போது காசு கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள்.