முகத்தைப் பார்த்தே சொல்லிடுவேன்!

கேள்வி: கொலைகாரன் கடைசிவரை சிக்காத த்ரில்லர் படம் பார்த்தால் டிக்கெட் காசு தண்டம் என்று தோன்றுகிறது. உங்களுக்கு?

எனக்கும் அப்படித்தான், போங் ஜூன்-ஹோவின் ‘மெமரீஸ் ஆஃப் மர்டர்’ (2003) பார்க்கும்வரை. தென்கொரியாவின் ஹ்வாசோங்கில் 1986-லிருந்து 1991 வரை நடந்த தொடர் கொலைகள்தான் மூலக்கதை. ஆளின் கண்ணைப் பார்த்தே குற்றவாளியா என்று சொல்லிவிடுவதாக ஜம்பம் அடிக்கும் ஒரு போலீஸ்காரர். வேலையை விட்டு வியாபாரியாகிப் பல வருஷம் கழித்து, பிணம் கிடந்த வயலோர வாய்க்காலைக் குனிந்து பார்க்கிறார். ‘கொஞ்ச நாள் முன்னாடி இன்னொருத்தரும் இப்படித்தான் பார்த்தார்’ என்கிறாள் ஒரு சிறுமி. முகம் எப்படி? சாதாரண முகம்தானாம். சட்டென்று நிமிர்ந்து நம்மைப் பார்க்கிறார். கொலைகாரனும் படம் பார்க்க வருவான் என்று நினைத்து வைத்த ஷாட்!

2019-ல் டி.என்.ஏ. ஆளைக் காட்டிக்கொடுத்தது. மைத்துனியைக் கொன்றுவிட்டு 1994-லிருந்து உள்ளே இருந்தவன். 15 வருஷக் கெடு 2006-லேயே முடிந்துவிட்டதால், இந்தக் கொலைகளுக்கு வழக்குப் போடவே வழியில்லை. படத்தைப் பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை என்று 2020-ல் கோர்ட்டில் சொன்னான்.

அவனைவிட என்னைப் படுத்துவது வேறொருவர் கதை. அந்தக் கொலைகளில் ஒன்றுக்காகச் சுமார் 20 வருஷம் சிறையில் கிடந்தவர். தூங்கவிடாமல் வாக்குமூலம் வாங்கினார்கள் என்றார். நிரபராதி என்று தீர்ப்பு வந்தது 2020 டிசம்பரில். படத்திலும், தடம் தெரியாமலிருக்க பூட்ஸுக்கு உறை மாட்டிக்கொண்டு சந்தேக ஆசாமியை உதைப்பார்கள். முதல்முறை பார்த்தபோது அதற்கு நான் சிரித்தேன். இப்போது அந்த இடம் வந்தால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறேன்.

கேள்வி: ‘கஜினி’ நாயகன் மாதிரி 15 நிமிஷத்துக்கு ஒருமுறை மறந்துபோகிறவர்கள் நிஜத்தில் உண்டா?

கடிகாரம் வைத்தெல்லாம் மறக்காது; கவனம் சிதறினாலே போச்சு. 1953-ல் வலிப்புக்காகச் செய்த மூளை அறுவை சிகிச்சைக்குப் பிறகு, ஹென்றி மோலைசன் என்ற அமெரிக்கருக்குப் புது ஞாபகங்கள் தங்கவில்லை. கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரையச் சொன்னார்கள். ஒவ்வொரு நாளும் அவருக்கு அது முதல் தடவை. கை மட்டும் தேறிக்கொண்டே வந்தது. நாயகனுக்குப் பச்சை குத்திய உடம்பு மாதிரி, இவருக்குக் கை. நினைத்ததைவிடச் சுலபமாக இருக்கிறதே என்று அவரே ஆச்சரியப்பட்டாராம்.