போரிவலி காட்டில் நாள் முழுக்க நடக்க: வாசகர் கேள்வி – பதில்

நண்பர்கள் நான்கு பேர் ஞாயிறன்று போரிவலி தேசியப் பூங்காவில் நாள் முழுக்க நடக்கப் போகிறோம். தண்ணீர் எவ்வளவு? குளுக்கோஸ் பொடி போதுமா?
– வாசகர், செம்பூர்

ஆளுக்கு மூன்று லிட்டர். மும்பையில் வெயிலைவிடப் புழுக்கம்தான் ஆளைச் சாய்க்கும். காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை உலராது. உலராவிட்டால் உடம்பு குளிராது, மேலும் மேலும் வியர்க்கும். கூடவே உப்பும் போகும். வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே போனால் மதியத்துக்கு மேல் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், தலை வலிக்கும். குளுக்கோஸ் பொடியில் இருப்பது சர்க்கரை. உங்களுக்கு வேண்டியது உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். கரைசல். மூன்று லிட்டரில் ஒன்று அதுவாக இருக்கட்டும். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டிவிடாதீர்கள். கரைசல் கெட்டியானால் குமட்டும், தாகமும் அடங்காது. ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் வேண்டாம்.

திங்கட்கிழமை பூங்கா மூடியிருக்கும். கன்ஹேரி குகை வரை தார்ச்சாலை. டிக்கெட் இருந்தால் போகலாம். ஷிலோண்டா போன்ற உள்வழிகளுக்கு வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் வேண்டும்.

பரணிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு போன ட்ரெக்கிங் ஷூ பாதி வழியில் அடி கழன்றுவிட்டது. அதிகம் போடாத ஷூ. ஒட்டினால் நிற்குமா?
– வாசகி, முலுண்டு

நிற்காது. அதிகம் போடாததுதான் வினை. மேல்தோலுக்கும் கீழே உள்ள கறுப்பு ரப்பருக்கும் நடுவில் மெத்தைபோல் இருப்பது பல ஷூக்களில் பாலியூரிதேன் நுரை. காற்றின் ஈரம் அதை மெல்லச் சிதைக்கும். பரணில் நாலைந்து மழைக்காலத்தைக் கழித்த ஷூ வெளியே புதுசாகத் தெரியும், உள்ளே மாவாகியிருக்கும். மாவின் மேல் எந்தப் பசை ஒட்டும்? கிளம்புவதற்கு முந்தைய வாரம் கட்டைவிரலால் அந்த நுரையை அழுத்திப் பாருங்கள். வெடிப்பு விட்டாலோ பொடி உதிர்ந்தாலோ தூக்கிப் போடுங்கள். புதிதாக வாங்குவதென்றால் ஈ.வி.ஏ. நுரை என்று கேட்டு வாங்கலாம், அதற்கு இந்தக் கோளாறு வராது. வழியில் கழன்றால், உபரி லேஸை முன்பாதத்தைச் சுற்றி இரண்டு முறை இறுக்கி மேல்பக்கம் முடிச்சுப் போடுங்கள். லேஸ் பாறையில் தேயும், அதனால் இரண்டு வேண்டும்.

புது ஷூவும் மழைக்காலப் பாசிப் பாறையில் வழுக்கத்தான் செய்யும். குதிகாலை முதலில் ஊன்றாமல், முழுப் பாதத்தையும் ஒன்றாக வைத்துச் சின்ன அடியாக இறங்குங்கள்.

சிறுத்தை எதிரே வந்தால்?
– வாசகர், தாராவி

பகலில் நடப்பவர் கண்ணில் படுவது அபூர்வம். அந்தி முதல் விடியல் வரைதான் அதன் நடமாட்டம் அதிகம். டிசம்பரில் ஆறு மணிக்கு அஸ்தமனம், மரத்தடியில் அதற்கு அரை மணி முன்பே இருட்டு. நாலரைக்குள் திரும்பிவிடுங்கள். எதிர்ப்பட்டால் ஓடக் கூடாது, குனியவோ உட்காரவோ கூடாது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு, முதுகைக் காட்டாமல் பின்வாங்குங்கள்.

காட்டுக்குள் ஒரு கொடியின் காய் உரசி, கையெல்லாம் நெருப்பாக அரித்தது. அது என்ன?
– வாசகி, மாட்டுங்கா

பூனைக்காலியாக இருக்க வேண்டும், மராத்தியில் காஜ்குயிலி. வெல்வெட் மாதிரிப் பழுப்பு மயிர் மூடிய, வளைந்த காய். மழை முடிந்து காய் உலரும்போது மயிர் காற்றிலேயே உதிரும். சொறிந்தால் இன்னும் ஆழமாக இறங்கும். முதலில் செலோடேப்பை ஒட்டி ஒட்டி உரித்து எடுங்கள், அதன் பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அன்று போட்டிருந்த துணியை மற்ற துணிகளோடு ஊற வைக்காதீர்கள்.

மதியத்துக்குத் தயிர்சாதம் தாங்குமா?
– வாசகி, சயான்

காலையில் பாலை ஊற்றிப் பிசைந்து ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் விட்டால் தாங்கும். புளிசாதம் என்றால் அந்தக் கவலையே இல்லை. எதுவானாலும் எவர்சில்வர் டப்பாவில் போட்டுப் பைக்குள் வையுங்கள்; கையில் கவர் தொங்கினால் குரங்குக்கு அதுவே அழைப்பு.

கார்வி பூ இந்த ஆண்டு பார்க்கலாமா?
– வாசகர், போரிவலி

நம் ஊர்க் குறிஞ்சியின் உறவுதான் அது, எட்டு ஆண்டுக்கு ஒரு முறை பூக்கும். 2016, 2024-இல் பூத்தது. இனி 2032.