பரணில் கிடக்கும் சூப்பர் 8 ரீல்களை எப்படிக் காப்பாற்றுவது?

கேள்வி: அப்பா சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது, 1970-களில் எடுத்த 14 சூப்பர் 8 ரீல்கள் (வீட்டில் படமெடுக்கப் பயன்பட்ட 8 மி.மீ. சினிமா பிலிம்) சென்னை வீட்டுப் பரணில், தகர டப்பாவில் அந்துருண்டை போட்டு வைத்திருக்கிறோம். திறந்தால் புளித்த வாடை. என்ன செய்யலாம்?

பதில்: அது வினிகர் வாடை. பிலிமின் அடித்தளம் செல்லுலோஸ் அசிடேட். வெப்பமும் ஈரமும் பட்டால் அது சிதைந்து அசிடிக் அமிலத்தை விடும். அந்த அமிலமே சிதைவை இன்னும் வேகமாக்கும். இறுக மூடிய டப்பாவுக்குள் அமிலம் தங்கிப் பக்கத்து ரீலையும் கெடுக்கும். 21 டிகிரி வெப்பம், 50 சதவீத ஈரப்பதம் உள்ள அறையிலேயே புது பிலிமில் 40, 50 ஆண்டுகளில் இது தொடங்கிவிடும். மே மாதத்துப் பரண் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இன்றைக்கே கீழே இறக்குங்கள். அந்துருண்டையை எடுத்துவிடுங்கள், அதன் ஆவி பிலிமுக்கு ஆகாது. ஒவ்வொரு ரீலாக முகர்ந்து பார்த்து, வாடை வருவதைத் தனியே வையுங்கள். பிலிமின் ஓரத்தில் பழுப்பு நிறக் கோடு ஓடினால் அது ஒலிக்கான காந்தப்பட்டை. அதிலுள்ள இரும்பு ஆக்சைடும் சிதைவைத் துரிதப்படுத்தும் என்பதால் அந்த ரீல்களில் கூடுதல் கவனம் வேண்டும்.

கெட்டுப்போனதைப் பழையபடி ஆக்க முடியாது, மெதுவாக்கத்தான் முடியும். அதற்குக் குளிர்ச்சியை விட்டால் வேறு நல்ல வழி இல்லை. வாடை இல்லாத ரீல்களைக் காற்றுத் துளையுள்ள பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக் டப்பாக்களில் படுக்கைவாட்டில் அடுக்கி, வீட்டிலேயே குளிர்ச்சியான, உலர்ந்த அறையில் வையுங்கள். வாடை வருபவற்றை ஏசி அறையில் சில நாள் ஈரம் போக விட்டு, இரட்டை ஜிப் பையில் காற்றை வெளியேற்றி மூடி, ஃப்ரீசரில் வைக்கலாம்.

புரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்கும் ஆசை வரும். தயவுசெய்து வேண்டாம். பிலிம் சுருங்கியிருந்தால் ஓரத் துளைகள் பல்சக்கரத்தில் உட்காராமல் கிழிந்துவிடும். ஃபிரேம் ஃபிரேமாக ஸ்கேன் செய்பவரிடம் கொடுங்கள், வாடை வருபவை முதலில் போகட்டும். ஸ்கேன் ஆன பிறகும் ரீலைத் தூக்கி எறியாதீர்கள். இது பெரும்பாலும் ரிவர்சல் பிலிம், அதாவது கழுவியதும் அதிலேயே நேராகப் படம் தெரியும்; தனியாக நெகட்டிவ் கிடையாது. அப்பாவின் கேமராவுக்குள் ஓடிய அதே பிலிம்தான் உங்கள் கையில் இருக்கிறது. 50 அடி ரீலில் 3 நிமிடம் 20 விநாடிதான் படம், ஆனால் அதற்கு வேறு மூலம் இல்லை.

ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் முழுக்க அறையில் வையுங்கள். அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்ந்த பிலிமின் மேல் நீர் முத்துமுத்தாகக் கோத்துவிடும்.