கொளத்தூரிலிருந்து கொண்டுவரும் மீன்களைப் புதிய தொட்டியில் எப்படி விடுவது?

புதுச்சேரியில் இரண்டடித் தொட்டி அமைத்து மூன்று நாள் ஆகிறது என்றும், ஞாயிற்றுக்கிழமை சென்னை கொளத்தூரில் கப்பி, நியான் டெட்ரா, கோல்டு ஃபிஷ் மூன்றும் வாங்கி வந்து, பையை மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரை ஒரு மணி நேரம் சிறிது சிறிதாகப் பையில் சேர்த்த பிறகு விடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். லாஸ்பேட்டையில் பல ஆண்டுகளாக மீன் வளர்த்து வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் சொல்லும் முறை, பக்கத்துக் கடையிலிருந்து அரை மணி நேரத்தில் வீடு வந்து சேரும் மீனுக்குப் பொருந்தும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நான்கைந்து மணி நேரம் பைக்குள் அடைபட்டு வந்த மீனுக்கு அதுவே கெடுதலாக முடியலாம்.

மூடிய பைக்குள் மீன் மூச்சுவிட விட, கரியமில வாயு தண்ணீரில் கரைந்து, தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஹெச் அளவு இறங்குகிறது. கூடவே மீனின் செவுள் வழியாக வெளிப்படும் அம்மோனியாவும் சேர்ந்துகொண்டே போகிறது. பிஹெச் இறங்கிய தண்ணீரில் அந்த அம்மோனியாவின் பெரும்பகுதி, அவ்வளவாகத் தீங்கு செய்யாத அம்மோனியம் என்ற வடிவில் இருப்பதால்தான் மீன் பயணத்தைத் தாங்குகிறது. பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறிவிடும், பிஹெச் ஏறும், அம்மோனியம் நச்சான அம்மோனியாவாக மாறத் தொடங்கும். 25 டிகிரி வெப்பநிலையில் பிஹெச் 7 ஆக இருக்கும்போது நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத இந்த நச்சு, பிஹெச் 8 ஆகும்போது ஐந்து பங்கைத் தாண்டிவிடுகிறது. காரத்தன்மை மிகுந்த போர் தண்ணீரைப் பையில் ஊற்ற ஊற்ற இந்த மாற்றம் இன்னும் விரைவாகும் என்பதால், திறந்த பையில் மீனை ஒரு மணி நேரம் வைத்திருப்பது அதற்கு நன்மையன்று.

ஆகவே தொட்டி விளக்கை அணைத்துவிட்டு, பையைப் பிரிக்காமலேயே இருபது நிமிடம் மிதக்கவிடுங்கள். அது வெப்பநிலை சமமாவதற்கு மட்டும். பிறகு பையைத் திறந்து, காலதாமதமின்றி ஒரு வாளியின் மேல் பிடித்த நனைந்த வலையில் கவிழ்த்து, மீனை மட்டும் தொட்டியில் விட்டுவிட்டு, பைத் தண்ணீரை வெளியே கொட்டிவிடுங்கள். அந்தத் தண்ணீரில் அம்மோனியா மட்டுமன்றி, வெண்புள்ளி நோய்க் கிருமியும் வரக்கூடும். கப்பிக் குஞ்சுகள் பையின் அடி மூலைகளில் ஒடுங்கி நசுங்கிவிடும். எனவே வாங்கும்போதே இரு மூலைகளையும் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டித் தரச் சொல்லுங்கள். கவிழ்த்த பிறகும் மூலைகளை விரித்துப் பாருங்கள்.

இப்படி உடனே விடுவதற்கு, கடைத் தண்ணீரும் உங்கள் தண்ணீரும் ஏறத்தாழ ஒத்திருக்க வேண்டும். புதுச்சேரியின் குடிநீர் வழங்கல் நிலத்தடி நீரை நம்பியது. கடலோரத்து ஆழ்துளைக் கிணறுகளில் உப்பும் ஏறியிருக்கும். தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும், ஆர்ஓ பழுது பார்க்க வருகிறவரிடம் இருக்கும் சிறிய டிடிஎஸ் மீட்டர் போதும்: உங்கள் தண்ணீரை அளந்து வைத்துக்கொண்டு, கடைக்காரரிடம் அவர் தொட்டியின் அளவைக் கேளுங்கள். வேறுபாடு பெரிதாக இருந்தால், ஒரு தனி டப்பில் ஆர்ஓ தண்ணீரையும் உங்கள் தண்ணீரையும் கலந்து, கடை அளவுக்கு நெருக்கமாகக் கொண்டுவந்து, ஏர் பம்ப் போட்டு வையுங்கள். மீனை முதலில் அதில் விட்டு, பல நாட்களில் மெதுவாக உங்கள் தண்ணீருக்குப் பழக்கலாம். இரண்டு மூன்று வாரம் நோய் தெரிகிறதா என்று கவனிக்கவும் அதே டப் உதவும். குழாய்த் தண்ணீரானால், குளோரினை நீக்கும் ஆன்டி குளோரின் மருந்தைச் சேர்க்காமல் பயன்படுத்தக் கூடாது. கோடையில் மாடித் தொட்டித் தண்ணீரை விடியற்காலையில் பிடியுங்கள். நண்பகலில் அது சுடும்.

இவற்றையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது மூன்று நாள் வயதுள்ள உங்கள் தொட்டிதான். தண்ணீர் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கலாம். ஆனால் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா அதில் இன்னும் குடியேறவில்லை. பொதுவாக அதற்கு நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். மீனில்லாத தொட்டியில் நாள்தோறும் ஒரு சிட்டிகை தீவனம் போட்டு, ஃபில்டரை இரவு பகலாக ஓடவிட்டால், தீவனம் அழுகி வெளிவரும் அம்மோனியாவை உண்டு பாக்டீரியா பெருகும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் முதலில் ஏறி, பிறகு இரண்டும் பூச்சியத்துக்கு இறங்கிய பின்னரே தொட்டி தயார். நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பர் இருந்தால், அவருடைய ஸ்பாஞ்சு ஃபில்டரில் ஒன்றை ஈரம் உலராமல் வாங்கி வந்து பொருத்துங்கள். காத்திருக்கும் காலம் வெகுவாகக் குறையும். பழைய தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றுவதால் அதே பலன் கிடைக்காது, ஏனெனில் அந்த பாக்டீரியா பெரும்பாலும் ஸ்பாஞ்சிலும் கல்லிலும்தான் ஒட்டி வாழ்கிறது.

ஞாயிறு பயணத்தைத் தள்ளிப் போடுங்கள் என்பதே என் பதில். தள்ளிப் போட முடியாதென்றால், நான்கைந்து கப்பி மட்டும் வாங்குங்கள். கடின நீரை அது நன்றாகத் தாங்கும். நியான் டெட்ரா மென்னீர் மீன். பழகிய தொட்டிக்குத்தான் அதைக் கொண்டுவர வேண்டும். கோல்டு ஃபிஷ் மிகுதியாகக் கழிவு போடும், பெரிதாக வளரும். ஐம்பது லிட்டர் தண்ணீரில் மற்ற இரண்டுடன் அதைச் சேர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விட்ட அன்று தீவனம் வேண்டாம். மறுநாள் முதல் மிகக் குறைவாகப் போட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் கால்பங்குத் தண்ணீரை, குளோரின் நீக்கி, வெப்பநிலை ஒத்த புதுத் தண்ணீரால் மாற்றுங்கள். மீன்கள் மேல்மட்டத்தில் வாய் திறந்து திறந்து மூடினாலோ, செவுள் சிவந்து வேகமாக அடித்தாலோ, மருந்து தேடாமல் உடனே மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை மாற்றி, ஏர் பம்பின் காற்றைக் கூட்டி, அம்மோனியாவை அளந்து பாருங்கள்.